ஏழாவது பேர்

செசிலி செய்த தப்பு, ஏலப்பாறைக்கு மேலே தேயிலை எஸ்டேட்டின் லயத்து வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்த யாரும் செய்யக்கூடிய தப்புதான். புருஷன் சுவக்கீன் செத்த எட்டாவது மாதம், ஆனி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு நேரே சகாயத்தின் வீட்டுக்குப் போனாள். ஜீப்பு சொசைட்டியில் இருக்கும் சுவக்கீனின் பேரை மகன் ஜோமோன் பேருக்கு மாற்றித் தரச் சொன்னாள். ஆதார் நகல், மரணச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ரெண்டு போட்டோ எல்லாம் பிளாஸ்டிக் கவரில் சுற்றி சேலைக்குள் மாரோடு அணைத்து நனையாமல் வைத்திருந்தாள்.

எஸ்டேட்டில் அப்படித்தான் நடக்கும். அப்பனோ ஆத்தாளோ ஓய்ந்து உட்கார்ந்தால் செக்ரோல் என்ற ஆள்பதிவில் இருக்கும் பேரை அடித்துவிட்டுப் பிள்ளையின் பேரை எழுதுவார்கள். செசிலியே அப்படி வந்தவள்தான். அவள் அம்மாவுக்கு முட்டி வீங்கிப்போய் மலையேற முடியாமல் ஆனபோது, பதினெட்டு வயதில் அந்தப் பேர் இவளுக்கு இறங்கியது. அதற்குப் பிறகு முப்பத்தாறு வருடம் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, அட்டைக்கடி வாங்கி, கொழுந்து கிள்ளியாகிவிட்டது. உலகத்தில் எல்லாப் பேரும் இப்படித்தான் இறங்கும் என்று அவள் நினைத்ததில் என்ன ஆச்சரியம்?

சகாயம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். கால் கிலோ ஈரக் கொழுந்துக்கு அரை மணி நேரம் வாதாடுகிற ஆள். ஐந்து வருடமாக சொசைட்டியின் செயலாளர். அங்கேயும் அதே கண்டிப்பு. ஆனால் மனிதர் தங்கம். அவருடைய கண்டிப்பை அந்த லயத்தில் யாரும் பெரிதாக மதித்ததில்லை, அதுதான் அவருடைய மனக்குறை.

"அண்ணே, பேரு மாத்தணும்."

"எந்தப் பேரு?"

"அவுக பேருதான். சொசைட்டியில இருக்குல்லா. அத ஜோமோன் பேருக்கு எறக்கித் தாங்க."

"எறக்குததுக்கு இது என்ன செக்ரோலா செசிலி? அங்கத்துவம் ஆளோட போயிரும். பைலாவுல இருக்கு."

"ஆளு போயாச்சுண்ணே. பதினாலு வருசம் இந்த மலையில வண்டி ஓட்டி, நடுவு ஒடிஞ்சு போயாச்சு. அவுக பங்கு எங்க போச்சுன்னுதான் கேக்கேன்."

"பங்கே கெடையாது. ஒனக்கும் கெடையாது, எனக்கும் கெடையாது. இது தரும சொசைட்டி. வண்டி சொசைட்டிக்கு, சொசைட்டி யாருக்கும் இல்ல."

"யாருக்கும் இல்லாத வண்டியையா அவுக தெனமும் தொடச்சுத் தொடச்சு வச்சாக?"

சகாயம் உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி அவித்த கப்பைக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் கட்டன்சாயாவும் கொண்டுவந்து வைத்தாள். பதில் இல்லாத நேரத்தில் அந்த வீட்டில் கப்பை வரும். செசிலி கோபத்தோடேயே ரெண்டு துண்டு தின்றாள்.

அந்த ஜீப்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மூணாம் டிவிஷன் லயத்திலிருந்து தார் ரோட்டுக்கு இரண்டரை கிலோமீட்டர், எல்லாம் கல்லும் உருளைப்பாறையும். முன்பெல்லாம் நோயாளியைக் கம்பளியில் தூளி கட்டி, மூங்கில் கழியில் மாட்டி, நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளும் அப்படித்தான் இறங்கினார்கள். பாதி வழியில் பிறந்த பிள்ளைகளும் உண்டு, பாதி வழியில் போன உயிர்களும் உண்டு. அதைப் பார்த்துச் சகிக்காமல்தான், செத்துப்போன மிக்கேல் கங்காணி பதினாலு வருடத்துக்கு முன்னால் சொசைட்டி ஆரம்பித்தார். டிவிஷனில் இருநூறு வீடு, வீட்டுக்கு மாதம் ஐம்பது ரூபாய்; உறுப்பினராகப் பேர் எழுதினவர்கள் மட்டும் கொஞ்சப் பேர்தான். பழைய ஜீப்பு ஒன்று வாங்கினார்கள். எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த சுவக்கீனைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். சொகக்கேடு என்றால் யாருக்கும் காசில்லை. மற்றபடி ரேஷன் அரிசியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஏறினால் டீசல் காசு. சுவக்கீன் போன பிறகு ஜோமோன் ஓட்டினான்.

அவனுடைய பதினோராயிரம் சம்பளத்தில் இரண்டு பேர் வாழலாம், கஷ்டப்பட்டு. ஆனால் ஜோமோனின் மனைவி நிமிக்கு இது ஐந்தாம் மாதம். அவளுடைய அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். ரெண்டு பேரும் வந்தால் ரெண்டு பேருக்கும் வேலை என்று வாரம் தவறாமல் போன் செய்தான். ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கும்போது செசிலி வேலையை விட்டுவிட்டுப் பின்னால் போக முடியாது. போனால் லயத்து வீட்டையும் விட வேண்டும். அதாவது, அவர்கள் போனால் அந்த ஒற்றை அறையில் அவள் தனியாள். இதைத்தான் அவள் யாரிடமும் சொல்லாமல், ஆதார் நகலோடு சகாயத்தின் வாசலில் போய் நின்றாள். அப்பன் பங்கு என்று ஏதாவது வந்தால் அதை முன்பணமாகக் கட்டிச் சொந்தமாக ஒரு வண்டி எடுத்து, மகன் இங்கேயே இருந்துவிடுவான் என்பது அவள் கணக்கு.

நிமி மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். மாமியாரும் மருமகளும் ஒரே நிரையில் கொழுந்து கிள்ளுவார்கள்; ஒருத்தி காலில் ஏறின அட்டையை மற்றவள் உப்புப் பொட்டலத்தால் ஒற்றி எடுப்பாள். மறுநாளும் மழைக்கோட்டுக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தபோது நிமி கேட்டாள்:

"அத்தை, நாங்க போயிட்டா நீங்க என்ன செய்வீக?"

"நிம்மதியா இருப்பேன். ஒம் புருசன் கொறட்டை இருக்காதுல்லா."

நிமி சிரித்தாள். செசிலி செடிப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் ஜின்சன் வந்தான். இவனும் இந்த லயத்துப் பிள்ளைதான். பள்ளத்து வீட்டுக்காரன். வாகமண் பக்கம் சின்ன ஹோம்ஸ்டே நடத்தி நாலு காசு பார்த்தவன். வரும்போதே பேக்கரி பலகாரம் வாங்கிக்கொண்டு வந்தான். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. நல்லவன்தான், கொஞ்சம் வேகம் அதிகம்.

"சித்தி, சகாயம் மாமா ஒங்ககிட்ட பங்கு இல்லைன்னு சொன்னாராமே?"

"ஆமா மக்கா."

"அவரு சொன்னது சரிதான். சொசைட்டின்னா அப்படித்தான். அதத்தான் நான் மாத்தப் பாக்கேன். சொசைட்டியக் கலைப்போம். வண்டிய நியாயமான வெலைக்கு ஒரு கம்பெனி வாங்கும். அந்தக் காச சட்டப்படி வேற தரும காரியத்துக்குக் குடுத்துருவோம். கம்பெனி நம்ம கம்பெனி. நீங்க எல்லாம் பங்குக்காரங்க. டூரிஸ்ட்டுக்கு வியூ பாயிண்ட் ஓட்டம், ஒரு நடைக்கு ரெண்டாயிரம். லாபம் வந்தா வீட்டுக்கு வரும். பங்குன்னா சொத்து சித்தி. ஆளு செத்தாலும் பிள்ளைக்கு வரும்."

"அவுக பேருக்கும் உண்டா?"

"சித்தப்பா செஞ்ச ஊழியத்துக்கு ஜோமோன் பேர்ல அம்பது பங்கு ஒதுக்குதேன். சம்பளமும் இருபதாயிரம்."

ஜோமோன் கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தான். அவன் கண்ணில் எட்டு மாதமாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்திருந்ததைச் செசிலி பார்த்தாள். தாயாக இருப்பதில் இது ஒரு தொந்தரவு, எதைப் பேசிக்கொண்டிருந்தாலும் கண் பிள்ளை முகத்துக்கே போகும்.

"சொகக்கேடுன்னா வண்டி வருமா ஜின்சா?"

"வராமப் போகுமா? ஓட்டம் இல்லாத நேரம் கண்டிப்பா வரும். பாதிக் காசு போதும்."

கலைக்க வேண்டுமென்றால் பொதுயோகம் கூட்டி ஓட்டெடுக்க வேண்டும். ஜின்சன் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கிச் சகாயத்திடம் நோட்டீஸ் கொடுத்தான். சகாயத்துக்குத் தலை சுற்றியது. 2018 மழையில் கூரை ஒழுகி, பழைய மினிட்ஸ் புத்தகமும் உறுப்பினர் பதிவும் கூழாகிப் போயிருந்தன. அதற்குப் பிறகு அவர் வீட்டு நம்பர் போட்டே சந்தா வசூலித்து வந்தார். யார் அங்கம், யார் இல்லை என்று சரியாகத் தெரிந்தால்தானே ஓட்டு எண்ண முடியும்? பீருமேட்டில் வக்கீல் ஃபஸீலாவைப் பார்த்து, பதிவு ஆபீஸிலிருந்து ஆரம்பத்திலிருந்து கொடுத்த காகிதங்களின் நகலுக்கு எழுதிப் போட்டார். நகல் வந்துவிட்டது என்று போன் வந்த அன்றைக்குச் செசிலியும் கூடக் கிளம்பினாள். சகாயம் சொன்னதை அவள் நம்பவில்லை. சட்டம் படித்த வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்றிருந்தாள்.

ஃபஸீலா சித்தூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி மலைக்கு வந்து ஆறு வருடம் ஆகியும் பேச்சில் பாலக்காட்டு வெயில் அப்படியே இருந்தது. ஈரக் குடையோடு நின்ற ரெண்டு பேரையும் உட்கார வைத்து, முதலில் டீ சொன்னாள்.

"சொல்லுங்கக்கா, என்ன சந்தேகமுங்க?"

செசிலி செக்ரோலில் ஆரம்பித்து ஜின்சனின் அம்பது பங்கு வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். ஃபஸீலா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ரெண்டும் வேற வேறங்கக்கா. கம்பெனின்னா காசு போட்டவங்களுக்கு அதுல பங்கு. அது ஊடு, தோட்டம் மாதிரி. விக்கலாம், பிள்ளைக்கு எழுதலாம், லாபம் வந்தா பிரிச்சுக்கலாம். தரும சங்கத்துல அது ஒண்ணும் கெடையாதுங்க. மெம்பருங்கறது சொத்தில்லீங்க. எவ்வளவு லாபம் வந்தாலும் சங்கத்துக்குள்ளயே கெடக்கோணும். கலைச்சாக்கூட மிச்சத்த மெம்பருங்க பிரிச்சு எடுத்துக்க முடியாது, இதே மாதிரி வேற சங்கத்துக்குத்தான் போகோணும்."

"அப்ப மெம்பருக்கு என்னதான் உண்டு?"

"கை தூக்கலாமுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க. ஆனா கம்பெனியில நூறு பங்கு வச்சிருக்கறவருக்கு நூறு ஓட்டு, ஒண்ணு வச்சிருக்கறவருக்கு ஒண்ணு. இங்க எல்லாருக்கும் ஒரே கை."

செசிலி தன் கையைப் பார்த்தாள். கொழுந்துக் கறை விரலிடுக்கில் கறுத்துக் கிடந்தது.

ஃபஸீலா கோப்பைத் திறந்து நகலை எடுத்தாள். "பதியறதுக்கு ஏழு பேர் வேணுமுங்க. ஏழு பேரும் இதுல இருக்கறாங்க, பொறகு சேந்தவங்க பட்டியலும் இருக்குதுங்க. ஆனா நீங்க சொன்ன சுவக்கீன் இதுல இல்லீங்களே."

சகாயம் எழுந்தே விட்டார். "இல்லாம எப்படி? மொத நாள்லருந்து கூட்டத்துக்கு வந்த ஆளு!"

"டிரைவர்னு வந்திருப்பாருங்க. இங்க பைலாவுல எழுதி வச்சிருக்கறாங்க பாருங்க, சங்கத்துல சம்பளம் வாங்குறவங்க மெம்பரா இருக்கக் கூடாதுன்னு. சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தல, இவங்களா வச்சுக்கிட்டதுதான். ரொம்ப யோக்கியமானவங்களா இருந்திருக்கோணும்." விரலால் வரிசையாக இறங்கினாள். "ஏழாவது பேரு, செசிலி, கணவர் பேர் சுவக்கீன், தோட்டத் தொழிலாளி. இது நீங்கதானுங்களா?"

செசிலி அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள். கோணல்மாணலாக, கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே ஓடியிருந்தது. அவளுடையதுதான். அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒரு மத்தியானம் ஃபீல்டு ஓரத்தில் அவள் தூக்குப்போணியைத் திறந்து வைத்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, சுவக்கீன் மூச்சிரைக்க ஓடி வந்து, இதில் கையெழுத்துப் போடு என்றான். ஒரு ஆள் குறையுது, ஆபீஸ் நாலு மணிக்கு மூடிருவான் என்றான். ரேஷன் கார்டு சங்கதி என்று நினைத்துக்கொண்டு அவள் போட்டாள். எதுக்கு என்று கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வீட்டில் இருந்த ஐம்பது ரூபாயை மாதா மாதம் இவள் பேருக்குக் கட்டிவிட்டு, கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து, இவளுக்காக அவனே கையும் தூக்கிவிட்டு வந்திருக்கிறான்.

"அப்ப அவரு போட்ட ஓட்டெல்லாம்?" என்றார் சகாயம், பரிதாபமாக.

"செல்லாதுங்க," என்றாள் ஃபஸீலா. "இனி ஆரு போயி கேக்கறாங்க, விடுங்க."

செசிலிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் அழுதுவிட்டாள். பதினாலு வருடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டானே என்று கோபம். இனிமேல் அதற்காகச் சண்டை போடக்கூட ஆள் இல்லையே என்று துக்கம். ஃபஸீலா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். டீ ஆறிப்போயிற்று.

சாயங்காலம் மத்திக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னாள். ஜோமோன் உடனே கணக்குப் போட்டுவிட்டான்.

"எம்மா, பேர் எழுதின எல்லாரையும் கூட்டுனா உசுரோட இருபது பேர். கலைக்க அஞ்சுல மூணு பங்கு வேணும், அதாவது பன்னெண்டு. ஜின்சன் பக்கம் பதினொண்ணு இருக்கு. ஒன் கை பன்னெண்டாவது கை. தூக்கிருவேல்லா?"

அவள் குழம்பைக் கிளறினாள்.

"அம்மா, ஒன்னத்தான். இருபதாயிரம் சம்பளம்னா நாங்க எங்கயும் போகவேண்டாம். நிமிக்கும் அதான் ஆச."

நிமி வயிற்றில் கை வைத்துக்கொண்டு மாமியாரைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் செசிலியை அறுத்தது. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அடுத்த ஞாயிறு பொதுயோகம். கொழுந்து கிள்ளப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போன பழைய பிள்ளைமடுவக் கட்டிடத்தில் இருபது பேரும் வந்திருந்தார்கள். வெளியே மழை. சம்பளக்காரன் என்பதால் ஜோமோனை உள்ளே விடவில்லை. அவன் ஜீப்பை ஜன்னலோரமாக நிறுத்தி அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். செசிலி ஆண்களுக்கு நடுவே முன்வரிசை பெஞ்சில், பூசைக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சகாயம் வரவு செலவை வாசித்தார். டயர் தேய்ந்தது, டீசல் விலை, போன வருடம் இறக்கின நோயாளிகள் நாற்பத்தொன்று. ஜின்சன் எழுந்து நன்றாகவே பேசினான். புது வண்டி, புது ரோடு, லயத்துப் பிள்ளைகளுக்கு வேலை. கேட்ட எல்லாருக்கும் ஆசை வந்தது. செசிலிக்கும் வந்தது, பொய் சொல்வானேன்.

"யாருக்காவது கேக்க வேண்டியது இருக்கா?" என்றார் சகாயம்.

செசிலி எழுந்தாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாததால் ஜின்சனை மட்டும் பார்த்துப் பேசினாள்.

"மக்கா, வண்டி ஓட்டம் போயிருக்கும்போது இங்க ஒருத்தருக்கு நெஞ்சு வலிச்சா?"

"போன் பண்ணா அரை மணி நேரத்துல திருப்பிருவோம் சித்தி."

"ஒங்க சித்தப்பாவுக்கு அரை மணி நேரம் இல்ல மக்கா." அவள் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "வண்டியக் கழுவிக்கிட்டு இருக்கும்போதே விழுந்தாக. வண்டி பக்கத்துல நின்னுச்சு, ஜோமோன் தூக்கிப் போட்டுட்டு எறங்கிட்டான். அப்படியும் பொழைக்கல. ஆனா எட்டு நாள் இருந்தாக. இருபத்தெட்டு வருசம் பேசாத பேச்செல்லாம் அந்த எட்டு நாள்ல ஆசுபத்திரிக் கட்டில்ல கெடந்து பேசுனாக. மொத மொதல்ல என்னையப் பாத்தது எந்தத் திருநாள்லன்னுகூடச் சொன்னாக. எனக்குன்னு மிச்சம் இருக்கது அந்த எட்டு நாளுதான். அத இந்த லயத்துல வேற பொம்பளைக்கு இல்லைன்னு என்னால சொல்ல ஏலாது."

உட்கார்ந்துவிட்டாள். ஜின்சன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அப்பனும் அதே வண்டியில் இறங்கியவர்தான்.

சகாயம் தொண்டையைச் செருமி, கலைக்கச் சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கலாம் என்றார். கொடுத்த வாக்குக்காகப் பலர் தூக்கினார்கள். அவர் எண்ணினார். பதினொன்று. ரெண்டாம் தடவையும் பதினொன்று. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஜோமோன் எழுந்து நின்று அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையை மடியில் வைத்திருப்பது என்ன பாடு என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது. ரெண்டு கையையும் சேர்த்து முட்டிக்குள் இடுக்கிக்கொண்டாள்.

"தோத்துப்போச்சு," என்றார் சகாயம், வருத்தமும் சந்தோஷமும் சேர்ந்து.

ஜோமோன் நனைந்தபடியே வாசலுக்கு வந்தான். யாரையும் குற்றம் சொல்லவில்லை. முகம் மட்டும் சிவந்திருந்தது.

"சகாயம் மாமா, எழுதிக்கோங்க. நான் திருப்பூருக்குப் போறேன். அம்மா சொன்னது தப்புன்னு சொல்லல. எனக்குப் பிள்ள வரப்போகுது, இந்தச் சம்பளம் பத்தாது, அவ்வளவுதான்."

"வண்டிய யாருடே ஓட்டுவா?"

"நாளைக்கே விட்டுட்டு ஓடிருவேன்னா சொன்னேன்? நீங்க வேற டிரைவரப் பாருங்க. ஒரு ஆளு கெடைக்குற வரைக்கும் நான்தான் ஓட்டுவேன். வண்டிய நிறுத்தமாட்டேன்."

அப்பனைப் போலவே சொன்னான். செசிலி தலைநிமிர்ந்தாள்.

"சரி," என்று சகாயம் பேனாவைத் திறந்தார். "புது டிரைவரத் தேடுத பொறுப்ப யாராவது ஏத்துக்கணும். யாரு?"

மழைக்காலத்தில் ஊர் ஊராக அலைய யாருக்கு ஆசை? ஆம்பிளைகள் கூரையைப் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள். முட்டிக்குள் இடுக்கியிருந்த கைகளில் ஒன்று மெல்ல வெளியே வந்து, மேலே எழுந்தது.

"நான் தேடுதேன்," என்றாள் செசிலி.

"நீயா? எம்புட்டு நாள்ல முடியும்?"

"அதெப்படிச் சொல்ல முடியும்ணே? நல்ல ஆளா வேணும்லா. இந்த வளைவெல்லாம் பழக்கமா இருக்கணும். குடிக்கக் கூடாது. எந்த வீட்டுல யாருக்கு என்ன சீக்குன்னு தெரிஞ்சிருக்கணும். கெழவிகள ஏத்தும்போது மூஞ்சியத் தூக்கி வைக்கக் கூடாது." அவள் மகனைப் பார்க்காமல், நிதானமாகச் சொன்னாள். "அப்படிப்பட்ட ஆளு லேசுல கெடைக்காது. பையத்தான் தேடணும். அதுக்கு முன்னால, இருக்க டிரைவருக்குச் சம்பளத்தக் கூட்டணும். வீட்டுக்கு ஐம்பதுங்கத எழுபத்தஞ்சாக்குங்க. மெம்பரு சொல்லலாம்லா?"

"சொல்லலாம்," என்றார் சகாயம்.

"கொஞ்சம் நானும் தாரேன்," என்று ஜின்சன் கீழே பார்த்தபடி முணுமுணுத்தான்.

வாசலில் நின்ற ஜோமோனுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. "எம்மா, இது கள்ளாட்டம்!" என்று கத்தினான். கத்தினவனுக்கே பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி மழையைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டான்.

சகாயம் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதினார்: 'புதிய டிரைவரைத் தேடும் பொறுப்பு அங்கம் எண் ஏழு, செசிலி அவர்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. கால வரம்பு'. அங்கே பேனா நின்றது. அவர் கண்ணாடிக்கு மேலாகச் செசிலியைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கக் கால் கிலோவுக்குக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர். 'இல்லை' என்று எழுதி, கீழே முத்திரையைக் குத்தினார்.